வீம் கிளவுட் கனெக்ட் அப்கிரேட்: பேக்கப் சேவை நடத்துபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு கம்பெனி தன் சொந்த பேக்கப் சர்வரை அப்கிரேட் செய்யும்போதும், நாற்பது கம்பெனிகளின் பேக்கப்பை வாங்கி வைத்திருக்கும் சேவை நிறுவனம் அப்கிரேட் செய்யும்போதும் ஓடுவது ஒரே இன்ஸ்டாலர்தான். வேலை மட்டும் வேறு. முதலாமவருக்கு ஒரு ராத்திரி பேக்கப் ஓடவில்லை என்றால் மறுநாள் ஓட்டிக்கொள்ளலாம். இரண்டாமவர் கைவைத்தால் நாற்பது பேரோடு போட்ட ஒப்பந்தமும் சேர்ந்து அசையும். அந்த நாற்பது பேர் எந்தப் பதிப்பில் இருக்கிறார்கள் என்பதும் அவர் கையில் இல்லை.

இதை வீம் பேக்கப் அண்ட் ரெப்ளிகேஷன் என்ற பேக்கப் மென்பொருள், வாடிக்கையாளர்களின் பேக்கப்பை இணையம் வழியாகச் சேவை நிறுவனத்துக்குக் கொண்டுவரும் அதன் கிளவுட் கனெக்ட் வசதி இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை ஏறக்குறைய இதேதான். பெயர்களும் போர்ட் எண்களும் மாறும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திரையில் புதிய பதிப்பு எண் தெரிந்துவிட்டால் அப்கிரேட் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய மென்பொருள் எடுத்து வைத்த பேக்கப்பைப் புதியது திறந்து ரீஸ்டோர் செய்து காட்டிய பிறகுதான் முடிந்தது என்று கணக்கு. திட்டத்தையும் அங்கிருந்தே பின்னோக்கிப் போடுங்கள்.

கையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

பேக்கப் சர்வரின் பதிப்பு எல்லோருக்கும் தெரியும். தகராறு வருவது அதைச் சுற்றியுள்ள பொருட்களில். பேக்கப் சர்வர், அதன் டேட்டாபேஸ், விண்டோஸ் பதிப்பு, பிராக்ஸிகள் (தரவை எடுத்து நகர்த்தும் சர்வர்கள்), கிளவுட் கேட்வேக்கள் (வாடிக்கையாளர் இணைப்பு உள்ளே வரும் வாசல்), ஒவ்வொரு ரெப்போவும் (பேக்கப் சேமிக்கும் இடம்) அதன் ஃபைல் சிஸ்டமும், ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ், டேப் இருந்தால் அது, சர்வீஸ் புரொவைடர் கன்சோல், எண்டர்பிரைஸ் மேனேஜர், வீம் ஒன் ஆகிய நிர்வாக, கண்காணிப்புக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் போடுங்கள். பதிப்பை மட்டும் குறித்தால் போதாது, பில்ட் எண்ணையும் எழுத வேண்டும். வெறும் "12" என்று எழுதினால் அது 2023 பிப்ரவரியில் வந்த முதல் 12-ஆ, 2024 டிசம்பரில் வந்த 12.3-ஆ என்று யாருக்கும் புரியாது. இரண்டுக்கும் நடுவே மூடப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் நிறைய.

அடுத்த ஷீட் வாடிக்கையாளர்களுடையது. அவர்களின் வீம் பில்ட், ஏஜென்ட் (கணினிக்குள்ளேயே உட்கார்ந்து பேக்கப் எடுக்கும் சிறு மென்பொருள்) பதிப்பு, எந்த ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்), எந்தப் பழைய சர்வர். ஏதாவது ஒரு தொழிற்சாலையில் விண்டோஸ் 2008 ஆர்2 ஒன்று மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். அதில்தான் அவர்களுடைய சம்பளக் கணக்கு இருக்கும். புதிய பதிப்பின் ஏஜென்ட் அதை ஏற்குமா என்று வெளியீட்டுக் குறிப்பில் பாருங்கள். ஏற்காது என்றால் அது உங்கள் அப்கிரேட் பிரச்சினை மட்டுமல்ல, அந்த வாடிக்கையாளரோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

மூன்றாவதாக, எல்லோரும் மறப்பது ஸ்கிரிப்ட்கள். தினசரி அறிக்கை அனுப்புவது, பில்லிங்குக்கு எண்ணிக்கை எடுப்பது, மானிட்டரிங்குக்குத் தகவல் தருவது எல்லாம் எவரோ எப்போதோ எழுதி வைத்த பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை மொழி) ஸ்கிரிப்டாக இருக்கும். பதிப்பு 11-இல் வீம், தன் கட்டளைகளைப் பவர்ஷெல்லில் சேர்க்கும் ஸ்னாப்-இன்னை எடுத்துவிட்டு மாட்யூலாக மாற்றியது. ஸ்னாப்-இன் சேர்க்கும் அந்த ஒரு வரி இருந்த பழைய ஸ்கிரிப்ட்கள் எல்லாம் அங்கேயே நின்றன. பேக்கப் ஓடும், அறிக்கை வராது. மாசக் கடைசியில் பில் போடும்போதுதான் தெரியவரும்.

இது எந்த வகை அப்கிரேட்?

எல்லா அப்கிரேடுக்கும் ஒரே அட்டவணை போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் அடி வாங்குவார்கள். பெரிய பதிப்பு மாற்றத்துக்கு அவசரம் கிடையாது. முதல் திருத்த வெளியீடு வரும்வரை காத்திருப்பதில் வெட்கமும் இல்லை. பாதுகாப்புப் பேட்ச் அப்படி இல்லை.

2023 மார்ச்சில் வெளியான சிவிஇ-2023-27532 என்ற வீம் பாதுகாப்பு ஓட்டை நினைவிருக்கலாம் (சிவிஇ என்பது வெளியான ஓட்டைகளுக்குத் தரும் அடையாள எண்). போர்ட் 9401-ஐ எட்ட முடிந்தவர் கடவுச்சொல் எதுவும் இல்லாமலே, பேக்கப் சர்வரின் டேட்டாபேஸில் சேமித்து வைத்த கணக்குத் தகவல்களை எடுத்துவிடலாம். பேக்கப் சர்வரிடம் எல்லா சர்வரின் சாவியும் இருக்கிறது என்பதால், தரவைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்கள் இதை விடவில்லை. 2024 செப்டம்பரில் வந்த சிவிஇ-2024-40711 இன்னும் மோசம்: உள்ளே நுழைய அனுமதியே தேவையில்லாமல் சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம், தீவிர மதிப்பெண் பத்துக்கு 9.8. அடுத்த மாதமே அகிரா, ஃபாக் ரான்சம்வேர் தாக்குதல்களில் அது பயன்பட்டது. அதற்கான திருத்தம் 12.2 பதிப்போடு வந்தது. 12.1-இல் இருந்தவர்கள் ஒரு சின்னப் பேட்ச் போட்டுத் தப்ப முடியாது; முழுப் பதிப்பு அப்கிரேடையே செய்தாக வேண்டும். அதற்கும் பின்னால் தங்கியிருந்தவர்களுக்கு வேலை இன்னும் கூடுதல்.

ஆகவே திட்டமிடலில் முதல் விதி: எப்போதும் நடப்புப் பதிப்புக்கு ஒரு படிக்கு மேல் பின்தங்காதீர்கள். பின்தங்கினால், ஓட்டை வெளியான வாரத்தில் இரண்டு தாவல்களை ஒரே ராத்திரியில் தாவ வேண்டியிருக்கும். அவசரப் பேட்சுக்குத் தனியாக ஒரு பக்கத் திட்டம் எழுதி வையுங்கள்: யார் முடிவெடுப்பது, எந்த போர்ட்டை ஃபயர்வாலில் உடனே மூடுவது, வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேர முன்னறிவிப்பு போதும். அந்த முன்னறிவிப்பு நேரம் ஒப்பந்தத்திலேயே இருந்தால் நல்லது. இல்லையென்றால் அடுத்த புதுப்பிப்பில் சேர்த்துவிடுங்கள்.

கன்சோலையும் இதில் சேர்க்க மறக்காதீர்கள். 2024 டிசம்பரில் சர்வீஸ் புரொவைடர் கன்சோலிலேயே 9.9 மதிப்பெண் ஓட்டை ஒன்று வெளியானது. எல்லா வாடிக்கையாளர்களையும் ஒரே இடத்தில் பார்க்கும் வசதி தாக்குபவருக்கும் வசதிதான்.

யார் முதலில், யார் கடைசியில்

கிளவுட் கனெக்டில் சேவை நிறுவனம்தான் முதலில் அப்கிரேட் ஆக வேண்டும். உங்கள் சர்வர் புதியதாகவும் வாடிக்கையாளர் சர்வர் பழையதாகவும் இருக்கலாம்; குறிப்பிட்ட எல்லை வரை அது ஏற்கும், அந்த எல்லை ஒவ்வொரு பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பிலும் இருக்கும். மறுபக்கம் நடக்காது. வாடிக்கையாளர் உங்களை முந்திக்கொண்டு புதிய பதிப்புக்குப் போய்விட்டால் அவருடைய ஜாப்கள் (திட்டமிட்ட பேக்கப் வேலைகள்) உங்களிடம் வந்து சேராது.

இதனால் ஒவ்வொரு வெளியீடும் ஒரு ஓட்டப்பந்தயம் மாதிரி ஆகிவிடுகிறது. வீம் புதிய பதிப்பு வெளியிட்ட அன்று வாடிக்கையாளரின் கன்சோலிலும் அறிவிப்பு வரும். அங்கிருக்கும் ஐடி தம்பி ஆர்வத்தில் அழுத்திவிடுவார். காலையில் உங்களுக்கு ஃபோன் வரும்: "சார், உங்க கிளவுட் டவுனா?" சேவை நிறுவனங்கள் முன்கூட்டியே தயாராக வேண்டும் என்பதற்காகத்தான் பல பெரிய பதிப்புகளை வீம் பொதுவெளியீட்டுக்கு முன்பே அவர்களுக்குக் கொடுத்துவந்தது. அப்படிக் கிடைக்கும்போது சோதனைச் சர்வரில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்துக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. கண்காணிப்பவை முதலில், வேலை செய்பவை பின்னால்: வீம் ஒன், சர்வீஸ் புரொவைடர் கன்சோல், எண்டர்பிரைஸ் மேனேஜர், அதற்கப்புறம் பேக்கப் சர்வர், பிறகு அதிலிருந்து பிராக்ஸி, கேட்வே, ரெப்போக்கள். வாடிக்கையாளர்களின் சர்வர்கள், ஏஜென்ட்கள் கடைசி. ஏஜென்ட்களை அதே ராத்திரியில் தானாக அப்கிரேட் ஆகும்படி விட்டுவிடாதீர்கள். மாறிய பிளாக்குகளைக் கவனிக்கும் டிரைவர் போட்ட விண்டோஸ் சர்வர்கள் ரீபூட் கேட்கலாம். மருத்துவமனை சர்வரை ஞாயிறு அதிகாலை ரீபூட் செய்ய உங்களுக்கு யாரும் அனுமதி கொடுத்திருக்க மாட்டார்கள்.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் மெயில்

"பராமரிப்புப் பணி நடைபெற உள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். அவர் என்ன பார்ப்பார், என்ன செய்யக்கூடாது என்பது இருக்க வேண்டும். இப்படி:

"வரும் சனிக்கிழமை இரவு 10 மணி முதல் ஞாயிறு காலை 4 மணி வரை எங்கள் கிளவுட் பேக்கப் சர்வரை அப்கிரேட் செய்கிறோம். அந்த நேரத்தில் எங்களிடம் வரும் பேக்கப் காப்பி ஜாப்கள் தோல்வி என்று காட்டும். உங்கள் அலுவலகத்துக்குள் எடுக்கும் லோக்கல் பேக்கப் வழக்கம்போல் ஓடும். ஞாயிறு இரவு ஜாப் சரியாக ஓடியதா என்பதைத் திங்கள் காலை நாங்களே பார்த்துச் சொல்கிறோம். எங்கள் அடுத்த மெயில் வரும்வரை உங்கள் வீம் சர்வரை அப்கிரேட் செய்ய வேண்டாம். இடையில் அவசர ரீஸ்டோர் தேவைப்பட்டால் கீழேயுள்ள எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள். டிக்கெட் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்."

கடைசி வரி முக்கியம். அப்கிரேட் நடக்கும் அதே இரவில் ஒருவரின் சர்வர் விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

நாள் குறிப்பது

மாதத்தின் 11, 20 தேதிகளை ஒட்டி ஜிஎஸ்டி தாக்கல் வரும்; மார்ச் கடைசி வாரம் கணக்கு முடிப்பு. இந்த நாட்களில் உள்ளூர் வாடிக்கையாளரின் பேக்கப்பில் கைவைக்காதீர்கள். பேக்கப் நின்றால் அவர்களின் வேலை நிற்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த நாட்களில்தான் "தப்பா அழிச்சுட்டேன், நேத்து ஃபைலைக் கொடுங்க" என்ற ஃபோன்களும் வரும். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குச் சென்னையிலிருந்து வேலை செய்தால், நியூயார்க்கில் இரவு 10 மணி என்பது கோடையில் நமக்குக் காலை 7:30, குளிர்காலத்தில் 8:30. மார்ச், நவம்பர் மாற்றங்களை ஒட்டி நாள் குறித்தால் இந்த ஒரு மணி நேரத்தை மறுபடி சரிபாருங்கள்.

எவ்வளவு நேரம் என்பதைக் கணக்கிடும்போது இன்ஸ்டாலர் ஓடும் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பேக்கப் என்று ஒப்பந்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மூன்று மணி நேரம் நிறுத்துகிறீர்கள். திரும்பத் திறந்ததும் தேங்கி நின்ற ஜாப்கள் எல்லாம் ஒன்றாகப் பாயும். கேட்வேயும் ரெப்போவும் திணறி, நான்கு மணி நேர எல்லை கடந்துவிடும். முக்கியமான வாடிக்கையாளர்களை முதலில், மற்றவர்களை அரை மணி இடைவெளியில் என்று திறக்கும் வரிசையையும் திட்டத்தில் எழுதுங்கள்.

ஒரே ராத்திரியில் இரண்டு மாற்றம் வேண்டாம்

பதிப்பு 12-இலிருந்து புதிதாகப் போடும் வீம் சர்வர் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு வருகிறது. முன்பு இலவச எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ். அதில் 10 ஜிபி எல்லை இருந்தது. பழைய சர்வரை அப்கிரேட் செய்தால் இருந்த டேட்டாபேஸிலேயே தொடரலாம். சரி, கையோடு போஸ்ட்கிரெஸுக்கும் மாறிவிடுவோம் என்று தோன்றும். வேண்டாம். முதலில் பதிப்பு, ஓரிரு வாரம் கழித்து டேட்டாபேஸ். இரண்டையும் சேர்த்துச் செய்து ஏதாவது உடைந்தால் எது உடைத்தது என்று தேடுவதிலேயே ராத்திரி போய்விடும்.

விண்டோஸ் அப்டேட்டுக்கும் இதே பேச்சுதான். 2022 ஜனவரி மாத விண்டோஸ் அப்டேட்டுகள் சில சர்வர்களில் ஆர்இஎஃப்எஸ் (விண்டோஸின் ஒரு ஃபைல் சிஸ்டம்) வால்யூம்களைப் படிக்க முடியாமல் ஆக்கின. விண்டோஸின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி தொடங்காமல் போனது, டொமைன் கன்ட்ரோலர்கள் திரும்பத் திரும்ப ரீபூட் ஆயின. அந்த வாரம் ஆர்இஎஃப்எஸ் ரெப்போ வைத்திருந்தவர், விண்டோஸ் அப்டேட்டையும் பேக்கப் அப்கிரேடையும் சேர்த்துப் போட்டிருந்தால் யாரைக் குற்றம் சொல்வார்?

ஒத்திகை

தனி நெட்வொர்க்கில் ஒரு சர்வர் எழுப்பி, நிஜமாக ஓடும் பேக்கப் சர்வரின் கான்ஃபிகரேஷன் பேக்கப்பை (அதன் சொந்த அமைப்புகளின் நகல்) அதில் ரீஸ்டோர் செய்து, அங்கே அப்கிரேடை ஓட்டிப் பாருங்கள். தனி நெட்வொர்க் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த நகலிடம் உங்கள் எல்லா ரெப்போக்களின் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கிறது. வெளியே போக வழி கொடுத்தால் ஒரே ரெப்போவை இரண்டு சர்வர்கள் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டு எழுதும்.

ஒத்திகையில் எடுக்க வேண்டியது முக்கியமாக நேரம். டேட்டாபேஸ் மாற்றம் எத்தனை நிமிடம், சர்வீஸ்கள் எழ எத்தனை நிமிடம் என்பதெல்லாம் உங்கள் டேட்டாபேஸ் அளவைப் பொறுத்தது. வேறொருவரின் கணக்கு உங்களுக்கு உதவாது. ஸ்கிரிப்ட்களையும் அங்கேயே ஓட்டிவிடுங்கள்.

முந்தைய நாள்

கான்ஃபிகரேஷன் பேக்கப்பை கையால் ஒருமுறை எடுங்கள். என்கிரிப்ஷன் போட்டுத்தான் எடுக்க வேண்டும். போடாவிட்டால் சேமித்த கடவுச்சொற்கள் அதில் வராது. அந்தக் கோப்பு வழக்கமாகப் போய் உட்காருவது பேக்கப் சர்வரிலேயே இருக்கும் இயல்பு ரெப்போவில். சர்வர் விழுந்தால் அதுவும் சேர்ந்து விழும். வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். என்கிரிப்ஷன் கடவுச்சொல்லை இப்போதே ஒருமுறை டைப் செய்து, அது சரிதானா என்று பாருங்கள்.

ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்ட ஜாப்களின் பட்டியல் எடுங்கள். அப்கிரேடுக்காக எல்லா ஜாப்களையும் நிறுத்துவீர்கள்; முடிந்ததும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் இயக்குவீர்கள். போன வருடமே சேவையை விட்டுப் போன வாடிக்கையாளரின் ஜாப்பும் உயிர்பெறும்.

லைசென்ஸின் சப்போர்ட் தேதி, கேட்வேயின் சான்றிதழ் காலாவதி, சி டிரைவில் இடம், ரீபூட்டுக்காகக் காத்திருக்கும் விண்டோஸ் அப்டேட் இவற்றையும் பார்த்துவிடுங்கள். ஹார்டன்டு லினக்ஸ் ரெப்போ (எழுதிய பேக்கப்பைக் குறித்த காலம்வரை அழிக்க விடாத ரெப்போ) இருந்தால், தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்ஹெச் மூடியிருக்கும் என்பதால் அதன் ஐடிராக் அல்லது ஐஎல்ஓ (சர்வர் வன்பொருளிலேயே உள்ள தொலைநிர்வாக வசதி) வழியாக உள்ளே போக முடிகிறதா என்று சோதியுங்கள்.

அந்த இரவு

முதல் வேலை, ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் உண்மையிலேயே நின்றுவிட்டனவா என்று பார்ப்பது. ஜாப் மட்டும் போதாது; ஷெட்யூல் செய்த ஸ்கிரிப்ட்களும் நிற்க வேண்டும். ஏன் என்பதற்கு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது சாட்சி. 2021 டிசம்பரில் அங்கிருந்த சூப்பர்கம்ப்யூட்டரின் பேக்கப் ஸ்கிரிப்டை, அதைப் பராமரித்த ஹெச்பிஇ நிறுவனம் மேம்படுத்தியது. பத்து நாளுக்கு மேல் பழைய லாக் கோப்புகளை அழிக்கும் பகுதி அதில் இருந்தது. பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதியதை எழுதிவிட்டார்கள். பாஷ் (லினக்ஸில் ஸ்கிரிப்டை இயக்கும் நிரல்), ஸ்கிரிப்டை ஓடும்போதே படித்துக்கொண்டு போகும். ஆகவே நடுவழியில் புதிய வரிகளுக்குள் நுழைந்தது; அங்கே தேவையான வேரியபிளுக்கு மதிப்பு இல்லை; லாக் கோப்புறைக்குப் பதிலாக ஆராய்ச்சியாளர்களின் தரவையே அழித்தது. சுமார் 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள். பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் நான்கின் தரவை மீட்கவே முடியவில்லை. ஹெச்பிஇ பொறுப்பை முழுமையாக ஏற்றுக்கொண்டது. நிறுத்திவிட்டு மாற்றவில்லை, அவ்வளவே.

நிறுத்தியாயிற்றா? பேக்கப் சர்வர் விர்ச்சுவல் மெஷின் (விஎம்) என்றால் அணைத்துவிட்டு ஸ்னாப்ஷாட் (அந்த நொடி நிலையின் பதிவு) எடுங்கள். பிறகு வரிசைப்படி தொடங்குங்கள். இருவர் இருப்பது நல்லது: ஒருவர் கீபோர்டில், இன்னொருவர் நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த அடியை வாசிப்பவர்.

ரோல்பேக்குக்கு (பழைய நிலைக்குத் திரும்புவதற்கு) ஒரு கடிகார நேரம் முன்பே எழுதியிருக்க வேண்டும். "இரவு ஒரு மணிக்குள் பேக்கப் சர்வர் எழவில்லை என்றால் திரும்புகிறோம்." அந்த நேரத்தில் களைப்பில் யாரும் நல்ல முடிவெடுப்பதில்லை, அதனால் மாலையிலேயே எடுத்து வைக்க வேண்டும். திரும்பக்கூடிய எல்லையும் தெளிவாக இருக்கட்டும். எந்த வாடிக்கையாளரின் ஜாப்பும் புதிய பதிப்பில் எழுதத் தொடங்காதவரை ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பலாம். எழுதிவிட்டால், ரெப்போவில் இருப்பதைப் பழைய டேட்டாபேஸ் அறியாது. புதிய பதிப்பில் எடுத்த கான்ஃபிகரேஷன் பேக்கப்பைப் பழைய பதிப்பில் ஏற்றவும் முடியாது. அதற்கப்புறம் முன்னால் போவது ஒன்றுதான் வழி. சப்போர்ட் டிக்கெட்டை அதற்காகவே முன்கூட்டித் திறந்து வையுங்கள்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

கன்சோலில் எல்லாக் கூறுகளும் புதிய பில்டுக்கு வந்துவிட்டனவா என்று பாருங்கள்; எங்கோ ஒரு பிராக்ஸி பழையதிலேயே நிற்கும். கேட்வேயின் 6180 போர்ட் வெளியிலிருந்து எட்டுகிறதா என்று சோதியுங்கள். பிறகு உங்கள் சொந்த நிறுவனத்தின் ஜாப்பை முதலில் ஓட்டுங்கள். இன்க்ரிமென்டல் (மாறியதை மட்டும் எடுப்பது) ஓட வேண்டிய இடத்தில் ஃபுல் (முழுவதும் எடுப்பது) ஓடுகிறதா என்று கவனியுங்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் அப்படி ஆனால் ஒரே இரவில் ரெப்போ நிரம்பிவிடும்.

அப்புறம் ரீஸ்டோர். அப்கிரேடுக்கு முன் எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பு, ஒரு முழு விஎம், ஒரு எஸ்கியூஎல் டேட்டாபேஸ். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்குப் போன பழைய புள்ளியிலிருந்து ஒன்று. ஹார்டன்டு, ஆர்இஎஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்று ரெப்போ வகைக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

"தோல்வி மெயில் எதுவும் வரவில்லை" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக, நேரடிப் பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸை அழித்தபோது, பேக்கப்பைத் தேடிப் போனார்கள். பேக்கப் இருக்க வேண்டிய எஸ்3 பக்கெட் (அமேசானின் கிளவுட் சேமிப்பு) காலி. அவர்களின் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6; பேக்கப் எடுத்த கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. பிழை மெயில்கள் டிமார்க் (மெயில் உண்மையான அனுப்புநரிடமிருந்து வந்ததா என்று பார்க்கும்) சோதனையில் நிராகரிக்கப்பட்டதால் ஒருவரையும் சென்றடையவில்லை. வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட் இருந்ததால் ஆறு மணி நேரத் தரவோடு இழப்பு நின்றது. அப்கிரேடுக்குப் பிறகு ஒரு ஜாப்பை வேண்டுமென்றே தோற்கடித்து, அந்த மெயில் வருகிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அடுத்த வாரங்கள்

ஸ்னாப்ஷாட்டை ஓரிரு நாளில் நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் வளர்ந்து டேட்டாஸ்டோரைத் தின்றுவிடும். பழைய பதிப்பின் இன்ஸ்டாலரை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

இப்போதுதான் வாடிக்கையாளர்களின் முறை. சின்னவர்கள், பொறுமையானவர்கள் சிலர் முதலில். ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றவர்கள். ஏஜென்ட்கள் ரீபூட் அனுமதி கிடைத்தபடி. பதிப்பு 12-இல் வந்தது போல பேக்கப் சங்கிலியின் (ஒரு ஃபுல்லும் அதைத் தொடரும் இன்க்ரிமென்டல்களும்) வடிவமே மாறும் வசதிகளைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை இயக்காமலும் பழைய சங்கிலி ஓடும்.

நகர மறுப்பவர் ஒருவராவது இருப்பார். அவருடைய பழைய பதிப்பை உங்கள் சர்வர் எதுவரை ஏற்கும் என்பதைத் தேதியோடு எழுத்தில் தெரிவியுங்கள்: அந்தத் தேதிக்குப் பிறகு வரும் அப்கிரேடில் உங்கள் ஜாப் நிற்கும், அதற்குள் இந்த இந்த நாட்களில் எங்கள் ஆள் வந்து செய்து தரத் தயார் என்று. பதில் வராவிட்டால் கணக்கு மேலாளரை நேரில் அனுப்புங்கள். அவர் ஒருவருக்காக உங்கள் அடுத்த பாதுகாப்புப் பேட்ச் காத்திருக்க முடியாது.